சாவி யாரிடம்?



லயத்து வீட்டிலேயே ஆயுளைக் கழித்த நம் பெற்றோருக்குச் சொந்த வீடு என்பது கனவாகவே இருந்தது. இன்று குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் நம் பிள்ளைகள் பட்டணத்தில் ஒரு தொடர் வீடாவது வாங்கிவிட வேண்டும் என்று முனைகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்த வழியில் ஒரு முள் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குடும்பத் தலைவருக்கு 59 வயது. அடுத்த ஆண்டு வேலை ஓய்வு. அத்தோடு தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகன் பெயரில் ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்து, பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, ஒப்பந்தமும் செய்தார்கள். மூன்று மாதத்தில் மீதிப் பணம் செலுத்த வேண்டும் என்பது பேச்சு. வங்கி நியமித்த மதிப்பீட்டாளர் வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது! குடியிருந்தவர் வேலைக்குப் போயிருந்தார். சாவி விற்பவரிடம் இருக்கும் என்று இவர்கள் நினைத்தார்கள்; முகவரிடம் இருக்கும் என்று விற்பவர் நினைத்தார். அடுத்த முறை அவர் வந்தபோது கையிலிருந்த தாளில் ஒரு எண், கிராண்டில் வேறு எண். இப்படியே ஒரு மாதம் கரைந்தது. கெடு தாண்டினால் வட்டி, அதற்கும் மேல் போனால் முன்பணமே பறிபோகும் என்று வழக்கறிஞர் சொன்னதும் அந்தத் தாய்க்கு உறக்கம் போயிற்று. கடைசியில் ஒரு மாதத் தவணை நீட்டிப்பு வாங்கி, வட்டியும் கட்டித்தான் வீட்டை மீட்டார்கள்.

மதிப்பீட்டாளர் என்பவர் யார்? 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியத்தில் பதிவு பெற்றவர். அந்த வட்டாரத்தில் அதேபோன்ற வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்த்து, நிலத்தின் அளவு, கட்டடத்தின் நிலை ஆகியவற்றை ஒப்பிட்டு விலை சொல்வார். நாம் ஆசைப்பட்ட விலையை எழுத அவரால் முடியாது. அப்படிக் கேட்பதும் தவறு. ஆனால் அவர் வேலையை விரைவில் முடிக்க நாம் உதவலாம்.

முதலாவது, வீட்டைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். குடியிருப்பவருக்குத் தெரிவியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, கதவைத் திறந்துவிட யார் வருவார் என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். நாயைக் கட்டிவிடச் சொல்லுங்கள். பின் அறை, அடுக்களை, குளியலறை எல்லாவற்றையும் அவர் படம் எடுக்க வேண்டியிருக்கும். ஓர் அறை பூட்டியிருந்தாலும் மறுபடி வர நேரிடலாம்.

இரண்டாவது, தாள்கள். கிராண்டின் நகலை எல்லாப் பக்கங்களோடும் எடுத்து வையுங்கள். அதோடு விற்பனை ஒப்பந்தம், நிலவரி ரசீது, ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரி ரசீது ஆகியவையும் வேண்டும். ஜொகூரில் ஒரு சிக்கல் உண்டு. நிலம் அளக்கப்படும் முன் கொடுத்த தற்காலிகப் பட்டாவில் ‘பி.டி.டி.’ எண் இருக்கும். அளந்து முடித்து நிரந்தரப் பட்டா வந்த பிறகு ‘லோட்’ எண் வரும். வாசலில் இருக்கும் வீட்டு எண் இன்னொன்று. மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். சந்தேகமிருந்தால் நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் செய்து பாருங்கள். மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்ற முடியாது என்று பட்டாவில் எழுதியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மலிவு விலை வீடுகளில் இது அடிக்கடி காணப்படும். அந்த அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, பின்னால் இழுத்துக் கட்டிய அடுக்களை. ஊராட்சி மன்றம் அங்கீகரித்த வரைபடம் இருந்தால் காட்டுங்கள். அனுமதியில்லாத கட்டடத்தை மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஊராட்சி மன்ற வரிச்சீட்டில் காணும் மதிப்பு வேறு, வங்கிக்கான மதிப்பு வேறு. பல மாநிலங்களில் அந்த வரியை வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜொகூரில் வீட்டின் மொத்த மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகையைக் கண்டு வீட்டின் இன்றைய விலை அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். முத்திரை வரிக்காக அரசாங்கத்தின் சொத்து மதிப்பீட்டுத் துறை பார்க்கும் மதிப்பும் தனி.

மதிப்பு குறைந்து வந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டின் விலை 300,000 வெள்ளி. வங்கி 90 விழுக்காடு கடன் தருமானால் 270,000 வெள்ளி கிடைக்கும். நம் கைப்பணம் 30,000. ஆனால் மதிப்பீடு 270,000 என்று வந்துவிட்டால் கடன் 243,000 தான். கைப்பணம் 57,000 ஆகிவிடும். அந்த 27,000 வெள்ளியைத் திடீரென்று எங்கே போய்த் தேடுவது? நகையை அடகு வைக்கவும் வட்டிக்காரரிடம் ஓடவும் நேருவது இப்படித்தான்.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, உத்தேச மதிப்பு என்ன வரும் என்று வங்கியைக் கேட்டு அறியச் சொல்லுங்கள். வங்கிகள் மதிப்பீட்டாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுச் சொல்வது வழக்கம். ஒன்றுக்கு இரண்டு வங்கிகளில் கேட்பது நல்லது. ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய தொகையையும் விசாரித்து வையுங்கள். 2024 மே மாதம் முதல் இது ‘செஜாத்ரா’ கணக்கில் உள்ளது. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வருமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, படித்த பிறகே கையெழுத்திடுங்கள். ஆங்கிலமோ மலாயோ புரியவில்லையென்றால் படித்த பிள்ளை ஒருவரை அழைத்துப் போவதில் வெட்கமில்லை.

அந்தத் தாய் இப்போது புது வீட்டு வாசலில் துளசி வைத்திருக்கிறார். வீடு வாங்க வழி கேட்டு யாராவது வந்தால் அவர் முதலில் கேட்பது இதுதான்: “எல்லாம் சரிம்மா, சாவி யாருகிட்ட இருக்கு?”