புகை உறிஞ்சி மூலையில், புகை நம்மவர் நெஞ்சில்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த தொழில்களில் வெல்டிங்கும் ஒன்று. பாசிர் கூடாங், கிள்ளான், பிறை வட்டாரப் பட்டறைகளில் நம்மவர்களைப் பார்க்கலாம். சம்பளத்திற்காகவும் ஓவர்டைமுக்காகவும் வாய் திறக்கிறோம். புகைக்காகத் திறப்பதில்லை.

2017-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே பிரிவுதான். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். "பால் குடித்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. முகக்கவசமும் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், புகையை அல்ல.

பல பட்டறைகளில் புகை உறிஞ்சி இருக்கிறது, அதிகாரி வரும் நாளில் காட்டுவதற்கு! ஓடினாலும் தலைக்கு மேல் தொங்குகிறது. அப்படியென்றால் புகை நம் முகத்தைக் கடந்துதானே மேலே போகும்? குழாய் வாய் பக்கவாட்டில், பற்றவைக்கும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விலகினாலே இழுப்பு வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். கை நகர நகர வாயையும் நகர்த்த வேண்டும். பக்கத்தில் காற்றாடி சுழன்றால் புகை கலைந்து அடுத்தவர் முகத்துக்குப் போகும்.

"கேஸையும் சேர்த்து இழுக்கிறது, வெல்டிங்கில் ஓட்டை விழுகிறது" என்று சில சுப்பர்வைசர்கள் மெஷினை அடைக்கச் சொல்கிறார்கள். மிக் வெல்டிங்கில் அது உண்மைதான். அதற்கு வாயைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும், சுவிட்சை அடைப்பதா வழி? ஃபில்டர் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது. அது சேர்த்து வைத்த விஷம்.

இதெல்லாம் முதலாளி போடும் பிச்சை அல்ல. 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளின்படி, இந்தச் சாதனத்தை மாதம் ஒருமுறையாவது முதலாளி பார்வையிட வேண்டும், 12 மாதத்திற்கு ஒருமுறையாவது தகுதிபெற்ற தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேளுங்கள். சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்திற்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. 2024 ஜூன் முதல், கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் குற்றமே.

தனியாகக் கேட்கப் பயமா? பக்கத்தில் நிற்கும் வங்காளதேசியும் அதே புகையைத்தான் இழுக்கிறார். அவரையும் சேர்த்துக்கொண்டு டோஷ் அலுவலகத்திற்குப் போங்கள்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு ஒன்று: இருமலோடு கிளினிக்குக்குப் போகும்போது, "இவர் இத்தனை வருடமாக வெல்டிங் செய்கிறார்" என்று டாக்டரிடம் சொல்லி, கார்டில் எழுதச் சொல்லுங்கள். தொழில்சார் நோய்க்கும் சொக்சோ உண்டு. அதைக் கோரும்போது அந்த எழுத்து உதவலாம்.