சீம்பாலுக்குக் காத்திருக்கும் சிசுக்கள்

நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைப்பது 41.8 சதவீதக் குழந்தைகளுக்கே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கும் பாட்டிகளைக் குறைகூறி இனியும் தப்பிக்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் மருத்துவமனையின் பொறுப்பில்தான் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் முதலில் சுரக்கும் சீம்பாலில் தாய் தரும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிசுவின் குடலுக்குக் காவல். டப்பா பாலில் அவை கிடையாது. அதே ஆய்வின்படி, தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தாய்ப்பால் தர அதுவும் தடையில்லை. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்தே இருக்கிறார். குழந்தையை அப்போதே மார்பில் சேர்க்கலாம். உடனிருந்து தாங்கிப்பிடிக்க ஒரு செவிலியர் வேண்டும், அவ்வளவே. தாய்ப்பால் வாரச் சுவரொட்டிகள் இருக்கட்டும். பிரசவ வார்டுகளுக்குப் போதிய செவிலியரை அரசு முதலில் நியமிக்கட்டும்.