தேர்வை எங்கே உட்கார்ந்து எழுத வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஆன்லைன் கோர்ஸில் சேரத் தோன்றும். பணம் கட்டும் முன், தேர்வை எங்கே எழுத வேண்டும் என்று விசாரியுங்கள்.

ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் பாடங்களை எங்கள் புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். வீட்டில் செய்யும் அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண்தான். மீதி 75 மதிப்பெண்ணுக்குக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். பஸ் செலவு இருக்கத்தான் செய்யும். ஆனால் சான்றிதழுக்கு மதிப்பு அந்த 75-ல்தான் இருக்கிறது.

வீட்டிலேயே கேமரா வைத்தால் போதாதா என்பீர்கள். கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் அதையும் செய்து பார்த்தது. ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தலையைத் திருப்பியதெல்லாம் காப்பியா என்று மாணவர்கள் குமுறினார்கள். 2021 மே மாதம் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது.

கேமராவும் இல்லாத தேர்வில் வாங்கிய சான்றிதழை இன்டர்வியூவில் நீட்டினால், ஓரமாக வைத்துவிட்டு, 'ஒரு புரோகிராம் எழுதுங்கள்' என்பார்கள்.