அழைப்பிதழ் எனும் அகழி

12 அழைப்பிதழ்கள். பளபளக்கும் தாள், பொன்னிற எழுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். வகுப்பிலோ 38 பிள்ளைகள்! 12 பேருக்கு நீட்டிவிட்டு, 26 பேரை வெறுங்கையுடன் விழித்தபடி உட்காரவைத்த கை எது தெரியுமோ தோழர்களே? என் கை! சின்ன காஞ்சிபுரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் என் கை! சமத்துவம் பற்றி மேடையேறி முழங்கிய அதே கை!

"குழந்தைக்குப் பிறந்தநாள். விடுதி மண்டபத்தில் விருந்து. பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும்தான். தாங்களே வகுப்பில் கொடுத்துவிடுங்கள்" என்றார் அந்தத் தந்தை. பண்புள்ளவர், பணமுள்ளவர். எனக்கும் ஓர் அழைப்பிதழ் தந்தார். பூரித்துப் போனேன். அழைக்கப்பட்டவன் என்ற பெருமை வந்து புகுந்ததும், அழைக்கப்படாதோர் என்று ஒரு கூட்டம் இருப்பது கண்ணில் படவில்லை. பெருமைக்கு எப்போதுமே பார்வை மங்கல்!

விருந்து முடிந்த மறுநாள், ஒரு சிறுமி என் மேசையருகே வந்து நின்றாள். மெல்லக் கேட்டாள்: "சார், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

பதில் சொல்ல நா எழவில்லை. பாடநூலைப் புரட்டினேன், பட்டம் பெற்றவன் படித்த ஏடுகளையெல்லாம் நினைவில் புரட்டினேன். பதில் இல்லை. அந்தச் சிறுமியின் தந்தை தறிக்குழியில் கால் பதித்துப் பட்டு நெய்பவர். மறுபுறம் அமர்ந்து கரைக்கான நாடாவை வாங்கி வீசுபவர் அவளுடைய தாய். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டையும் இழை இழையாகக் கோத்து, இழுத்தாலும் பிரியாதபடி இணைக்கும் கோர்வை வேலை அது. பிரிந்து கிடப்பதை இணைப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். இணைந்து இருந்ததைப் பிரித்தது நான் அன்று செய்த தொழில்!

"சிறு விஷயத்தை ஏன் பெரிதாக்குகிறாய்? அவரவர் பணம், அவரவர் வீடு, அவரவர் விருப்பம்" என்பர் சிலர். கேட்கிறேன், தோழர்களே: தனி விருந்து என்று இவர்கள் திட்டமிடும்போது முதலில் எதைத் தீட்டுகிறார்கள்? உணவுப் பட்டியலையா? இல்லை. ஆட்பட்டியலை! யார் வரலாம் என்பதைவிட, யார் வரக்கூடாது என்பதற்கே நேரம் அதிகம். பிறகு அழைப்பிதழுக்கு ஓர் எண். நுழைவோர் மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை. வாயிலில் மலை போன்ற தோளுடன் பவுன்சர் நால்வர். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டினான் அன்றைய மன்னன். அதில் முதலை விட்டான். இன்றைய சீமான் அழைப்பிதழால் அகழி வெட்டுகிறான்!

1966 நவம்பர் 28 அன்று, நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில் ட்ரூமன் கப்போட்டி என்ற எழுத்தாளர் ஒரு நடன விருந்து வைத்தார். வந்தோர் அனைவரும் கறுப்பு அல்லது வெள்ளை உடை அணியவேண்டும், முகமூடி தரிக்கவேண்டும். அழைப்பு ஏறத்தாழ 540 பேருக்கு. உணவோ எளியது: கோழிக்கறிக் கலவையும் இத்தாலிய நாட்டுச் சேமியாவும். பிறகு எதனால் அந்த விருந்து இன்றளவும் பேசப்படுகிறது? மாதக்கணக்கில் ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பெயர்களை எழுதினார், அடித்தார், மீண்டும் எழுதினார். அழைப்பு வருமா என்று ஒரு நகரின் சீமான்களும் சீமாட்டிகளும் ஏங்கினர். அழைக்கப்பட்டோர் பட்டியல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் அச்சேறியது. ஆம்! அங்கே பரிமாறப்பட்ட பெரும்பண்டம் அந்தப் பட்டியல்தான். வெளியே நின்றவர்களின் ஏக்கந்தான் உள்ளே இருந்தவர்களுக்கு ருசி!

அமெரிக்கச் சீமான்களுக்கு அது புதுமையாக இருக்கலாம். நமக்கு? ஆயிரமாண்டு பழகிய நஞ்சு! பந்தியில் இடம் பிரிப்பது இந்நாட்டில் கலையாக வளர்ந்ததே! சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். பொதுமக்கள் தந்த பணம், காங்கிரஸ் தந்த பணம். ஆனால் பார்ப்பன மாணவர் உண்ணத் தனியிடம்! அந்தத் தனிப் பந்தி தமிழகத்தையே கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்பு அடங்குமுன்பே, 1925 நவம்பரில், நமது காஞ்சியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது, பெரியார் வெளியேறினார். அன்று எழுந்த கேள்வி சோற்றைப் பற்றியதன்று. சோறு இருபுறமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். கேள்வி, இடத்தைப் பற்றியது!

அன்றைய தனிப் பந்திக்குக் காவல் சாத்திரம். இன்றைய தனிப் பந்திக்குக் காவல் பணம். சாத்திரத்தைக் கண்டு சீறினோம். பணத்தைக் கண்டு சிரித்து வணங்குவதா? நம்மூர்த் திருமண மண்டபங்களில் பாருங்கள்: முன்வரிசையில் மெத்தை நாற்காலி, பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. 'வி.ஐ.பி.'களுக்குக் குளிரூட்டிய அறையில் தனிப் பந்தி. மற்றவர்க்கு, உண்பவன் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கும் பந்தி. 2019இல் இதே சின்ன காஞ்சிபுரத்தில், அத்திவரதரைக் காண 48 நாட்கள் ஊர் கொள்ளாத கூட்டம் வந்ததே, அப்போதும் என்ன கண்டோம்? பொது வரிசையில் பல மணி நேரம் வாடிய மக்கள் ஒருபுறம். அனுமதிச் சீட்டுடன் தனி வழியில் நுழைந்த பிரமுகர்கள் மறுபுறம். கடவுள் உண்டா என்ற வாதம் கிடக்கட்டும். அவர் பெயரால் நடந்த இடத்திலும் பட்டியல் உண்டு!

"அது பொது இடம், நாங்கள் சொல்வது தனியார் விருந்து" என்று நழுவுவர். தனியார் விருந்தின் தனிமை எத்தகையது? 2024 மார்ச்சில் அம்பானி குடும்பத்தார் ஜாம்நகரில் திருமண முன்விருந்து வைத்தனர். ஏறத்தாழ 1200 விருந்தினர். அவர்களது வானூர்திகள் வெளிநாட்டிலிருந்து நேரே வந்திறங்குவதற்காக, ஜாம்நகர் விமான நிலையம் 10 நாட்களுக்குப் பன்னாட்டு நிலையமாக்கப்பட்டது. சுங்கத்தார், குடிநுழைவு அலுவலர், அனைவரும் ஆஜர்! அதே ஆண்டு சூலையில் மும்பையில் திருமணம் நடந்தபோது, மண்டபத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நான்கு நாட்களுக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. விருந்து தனியாருடையது, வழி மட்டும் பொதுமக்களுடையதா? அன்று குருகுலத்தில் பொதுப்பணம், தனிப்பந்தி. இன்று பொதுச்சாலை, தனிப்பந்தல்!

"ஏழைகளையும் அவர்கள் மறக்கவில்லையே" என்பது அடுத்த வாதம். மெய்தான். ஜாம்நகர் வட்டாரத்தில் 51,000 பேருக்கு உணவளித்தனர். 50க்கு மேற்பட்ட ஏழை இணையருக்குத் திருமணமும் செய்துவைத்தனர். பசித்த வயிற்றுக்குச் சோறு நல்லதே, மறுக்கமாட்டேன். ஆனால், அது வேறு நாள், வேறு பந்தி, வேறு இலை! இலை வேறானால், அது விருந்தோம்பலாகுமா? அன்னதானம்! கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. விருந்து என்றால் இருவர் கையும் இலைமேல் அல்லவா இருக்கவேண்டும்?

நம் ஊருக்கு வருகிறேன். 2025 சனவரியில், டிரம்ப் பதவியேற்புக்கு முன் வாசிங்டனில் நடந்த ஒரு தனி வரவேற்பு விருந்துக்கு நீதா அம்பானி அணிந்து சென்றது காஞ்சிப் பட்டு! காஞ்சிக் கோயில்களில் காணும் உருவங்கள் 100க்கு மேல் அதில் நெய்யப்பட்டிருந்தனவாம். தேசிய விருது பெற்ற நெசவாளர் ஒருவரின் கைவண்ணம். அவர் பெயரையும் மறைக்காமல் அறிவித்தனர், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! உலகின் மிக இறுக்கமான வாயில்களையும் எங்கள் பட்டு கடந்துவிடுகிறது. அழைப்பிதழ் கேட்பாரில்லை, முந்தானை முன்னே செல்கிறது. அதை நெய்யும் கையோ, பக்கத்துத் தெரு மண்டபத்தின் வாயிலைத் தாண்டவும் பட்டியலில் பெயர் தேடவேண்டும். எங்கள் நூலுக்கு நுழைவு உண்டு. எங்கள் பிள்ளைக்கு இல்லை!

ஒரு விளக்கம் தேவை. சிலரை மட்டும் அழைப்பதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ஒற்றை அறை வீட்டில், விரிக்க ஒரே பாய் உள்ளவன் ஐந்து பேரை அழைக்கிறான். அந்த எல்லையைப் பாய் வகுத்தது. நெருங்கிய நண்பர் நால்வர் கூடிப் பேசி உண்கிறார்கள். அந்த எல்லையை அன்பு வகுத்தது. நான் சாடுவது மூன்றாவது எல்லையை. மமதை வகுக்கும் எல்லையை! நானூறு பேர் அமரும் மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, அழைப்பிதழை அழைக்கப்படாதவன் கண்ணெதிரே நீட்டி, மறுநாள் படங்களை ஊரெல்லாம் பரப்பி, 'நீ இல்லை பார்!' என்று சொல்லாமற் சொல்கிறதே, அந்த எல்லையை!

இன்னொரு கொடுமையும் உண்டு. அகழிக்கு வெளியே நிற்பவன், அகழியை வெறுக்கவில்லை. தானும் ஒன்று வெட்ட ஆசைப்படுகிறான். கூலியை நம்பி வாழும் குடும்பம், கடன் வாங்கி மண்டபம் பிடிக்கிறது. மின்விளக்கு வளைவும் மேடை அலங்காரமும் ஒரே இரவில் ஓய்கின்றன, வட்டி ஓய்வதில்லை. இதே காஞ்சியில் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத் திருத்தம் என்ன சொல்கிறது? உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் சுயமரியாதைத் திருமணம் செல்லும்! மண்டபம் கேட்டதா சட்டம்? பவுன்சர் கேட்டதா? நாம் அல்லவா கேட்கிறோம்!

ஆகவே, இளைஞனே, நமது வீட்டிலிருந்து தொடங்குவோம். உன் திருமணத்தில் ஒரே பந்தி நடக்கட்டும். அமைச்சர் வந்தாலும், தறிக்குப் பாவு தோய்ப்பவர் வந்தாலும் அடுத்தடுத்த இலை. தனி அறையில் உனக்கு இடம் என்று எவரேனும் கையைப் பிடித்து அழைத்தால், நன்றி கூறிப் பொதுப் பந்திக்குப் போ. வயிறு அங்கும் நிறையும்!

என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்துவிட்டேன். அழைப்பிதழ் 38 ஆனால் வகுப்பில் கொடுக்கலாம். 37 ஆனால் வாயிலைத் தாண்டக்கூடாது. முதலில் கேட்டு முகம் சுளித்தவர், அந்தப் பண்புள்ள தந்தைதான். பிறகு என்ன நினைத்தாரோ, அடுத்த வாரம் ஒரு பெட்டி மிட்டாய் அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன். 38 இருந்தன.

அந்தச் சிறுமியை அழைத்து, நான் அன்று சொல்லத் தவறிய பதிலைச் சொன்னேன்: "தப்பு செய்தது நீ இல்லை அம்மா, நான்தான்."

அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு, பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினாள். விருந்தென்றால் என்னவென்று, பட்டம் பெற்ற எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாள் அந்த நெசவாளி மகள்!