வீட்டில் இருந்தாலும் அவள் வேலையில் இருக்கிறாள்



கடந்த மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவை எனக்கு ஆறேழு வருடங்களாகத் தெரியும். 2009 இல் கணவரை இழந்தவர். முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பி, தறப்பாள் கொட்டிலுக்குள் தையல் மெசினை வைத்து, இரவு பகலாகத் தைத்தே பிள்ளைகளைப் படிப்பித்தவர். மூத்த மகள் கணினித் துறையில் பட்டம் பெற்றாள். இப்போது கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கணவர் வாகனச் சாரதி. ஒன்றரை வயதில் ஒரு ஆண் குழந்தை.

இனி இந்தக் குடும்பத்துக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்துப் போனேன். வாசலில் இருத்திய உடனேயே அம்மா தொடங்கிவிட்டார்.

“நீங்களே கேளுங்கோ பிள்ளை. விடிஞ்சாலும் பொழுதுபட்டாலும் கொம்பியூட்டருக்கு முன்னாலதான் இருக்கிறாள். வீட்டிலதானே நிக்கிறாள், ஒரு தேத்தண்ணி வைக்க நேரமில்லையாம். பேரனையும் நான்தான் பாக்கிறன், கோழியையும் நான்தான் பாக்கிறன். எனக்கும் வயசு போகுதெல்லே.”

திரும்பும்போது மகள் படலை வரை வந்தாள். “அக்கா, இந்த மாதத்தோட வேலையை விடப்போறன். ஏலாமக் கிடக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது.

கேட்டுப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு அவளுடைய குழுவினர் எல்லோரும் கணினி வழியாகக் கூடிப் பேசுவார்கள். அந்த நேரத்தில்தான் குழந்தை அவளைத் தேடி அழும். உடனே ஒலிவாங்கியை நிறுத்திவிடுவாள். ஏன் பேச்சைக் காணோம் என்று கேட்டால் “லைன் சரியில்லை” என்று பொய் சொல்வாள். அவளுக்குக் குழந்தை இருப்பதே குழுத் தலைவருக்குத் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது அவர்கள் கேட்கவில்லை, இவளும் பயத்தில் சொல்லவில்லை. பகலில் அரைகுறையாக விட்ட வேலையை இரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்கி ஒரு மணி வரை செய்து முடிக்கிறாள். அந்தக் கணினி வாங்க அடகு வைத்த அம்மாவின் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

அவள் சொன்ன அந்தச் சின்னப் பொய் எனக்கு ஒரு பெண்மணியை நினைவுபடுத்தியது.

அகதியாக வந்த சிறுமி

அவர் பெயர் ஸ்டெபனி ஷேர்லி. ஜேர்மனியில் 1933 இல் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லரின் ஆட்சியில் யூதர்களின் உயிருக்கு ஆபத்து வந்தபோது, 1939 இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் இல்லாமல் வியன்னாவிலிருந்து புறப்பட்ட ரயிலில் ஏறி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். முன்பின் அறியாத ஒரு குடும்பம் அவரை வளர்த்தது. யுத்தம் ஒரு பிள்ளையை எப்படித் தூக்கி எறியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வளர்ந்து கணினி வேலை கற்றார். பெண் என்பதால் தன் முன்னேற்றம் தடைப்படுவதைக் கண்டு, 1962 இல் வெறும் ஆறு பவுண் முதலுடன் தன் வீட்டிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணமானதும், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் இருந்த படித்த பெண்களைத் தேடி எடுத்தார். அவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே, தங்களால் முடிந்த நேரத்தில் வேலை செய்தார்கள். முதல் முந்நூறு ஊழியர்களில் ஆண்கள் மூன்று பேர்தான். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான கணினி நிரல் வேலையை அந்தப் பெண்கள்தான் செய்தார்கள். அந்த விமானம் ஏதோ ஒரு தாயின் சாப்பாட்டு மேசையிலிருந்தும் பறந்தது என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் அவரும் மறைக்க வேண்டியிருந்தது. பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையெழுத்திட்ட பிறகே பதில் வந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால், வீட்டில் குழந்தையின் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவு செய்த ஒலிநாடாவைப் பின்னால் போட்டுவிடுவார். அன்று ஒலிநாடா, இன்று ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தான். அறுபது வருடம் கடந்தும் தாய்மார் பிள்ளையின் குரலை ஒளிக்கிறார்கள்.

அவருடைய ஒரே மகனுக்குக் கடுமையான ஓட்டிசம் இருந்தது. அந்தச் சுமையில் ஒரு கட்டத்தில் அவரே மனம் தளர்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு மீண்டு வந்தார். நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளித்தார். தேடிய செல்வத்தின் பெரும்பகுதியை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பணிகளுக்கும் பிற நற்பணிகளுக்கும் கொடுத்தார். 2025 ஓகஸ்டில் 91 வயதில் காலமானார்.

இவர் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எவ்வளவு திறமை இருந்தாலும் இரண்டு பாரத்தையும் ஒருத்தி தனியாகச் சுமக்க முடியாது. வேலையின் ஒழுங்கை மாற்ற வேண்டும், வீட்டின் ஒழுங்கையும் மாற்ற வேண்டும். ‘நீ கெட்டிக்காரி, சமாளிப்பாய்’ என்று சொல்லி அவளை மட்டும் மாறச் சொல்வது நியாயமல்ல.

ஒரு தாளில் எழுதிய கணக்கு

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989 இல் வெளியிட்ட நூல் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் படித்தோம். சம்பள வேலை முடிந்து வீடு வரும் பெண்ணுக்கு அங்கே இரண்டாவது ‘ஷிப்ட்’ காத்திருக்கிறது என்பதே அதன் சாரம். சம்பள வேலை, வீட்டு வேலை, பிள்ளை பராமரிப்பு மூன்றையும் கூட்டிப் பார்த்தால், அங்குள்ள பெண்கள் ஆண்களைவிடக் கிழமைக்கு ஏறக்குறைய 15 மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்தார்கள். ஒரு வருடத்துக்குக் கணக்கிட்டால், இரவு பகல் சேர்ந்த ஒரு முழு மாதம்.

அடுத்த கிழமை மருமகனும் நிற்கும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். கொப்பித் தாள் ஒன்றை எடுத்து மூவரின் நாளையும் மணிக்கணக்கில் எழுதினோம். மகள் ஆறு மணித்தியாலம்கூட நித்திரை கொள்ளவில்லை. அம்மா நாலு மணிக்கு எழும்புகிறார், இரவு பத்து மணிவரை இருப்பதே இல்லை. மருமகனுக்கு மாலை ஏழு மணிக்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. தாளைப் பார்த்து, “இப்பிடி எண்டு நான் யோசிக்கேல்ல அக்கா” என்றார்.

அம்மா நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், “நான் தைக்கேக்க நீ காலுக்க வந்து நிப்பாய். அப்ப நான் உன்னை ஏசினனான்” என்றார். தான் தைத்தது வேலை என்றால், மகள் செய்வதும் வேலைதான் என்பது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் பட்டது.

ஒழுங்குகள் சிலவற்றைச் செய்தார்கள். மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை பிள்ளை தகப்பனுடையது. பிள்ளை உறங்கும் மத்தியான நேரம் அம்மாவும் படுக்க வேண்டும். அறைக் கதவில் சிவப்புத் துணி தொங்கினால் கூட்டம் நடக்கிறது, யாரும் கூப்பிடக் கூடாது. மகளும் துணிந்து குழுத் தலைவரிடம் உண்மையைச் சொன்னாள். காலைக் கூட்டம் அரை மணித்தியாலம் தள்ளிப் போடப்பட்டது. கிழமையில் ஒருநாள் குறைத்து வேலை செய்யக் கேட்டாள், அது கிடைக்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை விடும் பேச்சு இப்போது இல்லை.

கேட்டு அறிய வேண்டியவை

இத்தகைய வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, நியமனக் கடிதம். வேலை நேரம், சம்பளம், விடுமுறை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால் நிறுவனம் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தை நிறுவனமே கட்ட வேண்டும்.

மூன்றாவது, பிரசவ விடுமுறை. முன்பு தனியார் துறையில் மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறைந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 84 நாள்கள் உண்டு.

ஒப்பந்த வேலை, துண்டு வேலை என்று எடுப்பவர்களுக்கு இவை மறுக்கப்படலாம். ஆகவே கையெழுத்திட முன் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கணவரோ தாயோ துணைக்கு இல்லாத சகோதரிகளும் எங்களில் பலர். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அயலில் உங்களைப் போன்ற இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பாருங்கள். முகாமில் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல.

தாய்மாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மகனும் ஒரு பானையை இறக்கி வைக்கட்டும், பிள்ளையைக் குளிப்பாட்டட்டும். நீங்களும் கொஞ்சம் இளைப்பாறுங்கள். எங்கள் நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் உழைக்கும் படையில் இருக்கிறார். மற்ற இருவரில் எத்தனை பேர் விருப்பத்தோடு வீட்டில் நின்றார்கள், எத்தனை பேர் ஏலாமல் விட்டார்கள்?

இந்த மாதம் ஒரு மாலை, வீட்டிலுள்ள எல்லோரையும் இருத்தி ஒரு தாளில் உங்கள் நாளை எழுதிப் பாருங்கள். முடிந்தால் எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.