மெஷின் வேண்டாம், இன்னொரு ஜோடிக் கை போதும்

1/ "வீட்டிலேயே ஃபிரெஷ் பாஸ்தா"ன்னு ரீல்ஸ் ஓடுது. மாவு தேய்க்க ஒரு மெஷின், வெட்ட இன்னொண்ணு, கீழே வாங்க லிங்க். அச்சே இல்லாம கையால முறுக்கு சுத்தத் தெரிஞ்ச ஜனங்க நாம. நமக்கே இதை விக்கறாங்க! கொஞ்சம் நீளமான இழை மக்களே, பொறுமையா படிங்க.

2/ பாஸ்தான்னா பிசைஞ்ச மாவு, அவ்வளவுதான். வட இத்தாலியில மைதாவும் முட்டையும். தெற்கே கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணியும். பொலோன்யாவுல நீளமான கட்டையால தேய்ச்சு கத்தியால வெட்டுவாங்க. பாரி நகரத்துல பெண்கள் வீட்டு வாசல்ல மேஜை போட்டு, கத்தியும் கட்டை விரலும் வெச்சே குட்டிக் காது மாதிரி பாஸ்தா செய்யறாங்க. நம்ம வீட்டுல அம்மிணிக் கொழுக்கட்டை உருட்டற அதே கைவேலை.

3/ இப்போ ஸ்ரீரங்கத்துக்கு வாங்க. அங்கே "சேவை ஆச்சா"ன்னு கேட்டா ரெண்டு அர்த்தம். பெருமாள் சேவை ஒண்ணு, தட்டுல வர்ற சேவை இன்னொண்ணு. இந்த ரெண்டாவது சேவைக்கு புழுங்கலரிசியை ஊறவெச்சு, அரைச்சு, வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள நாழியில பிழியணும். ஆறினா இறங்காது. ஒருத்தர் நாழியைப் பிடிக்க, ஒருத்தர் திருக. அது ரெண்டு பேர் வேலை.

4/ கூட்டுக் குடும்பம் போச்சு, பிடிக்க ஆள் இல்ல. ஒரே பொம்பளை பிடிச்சு, திருகி, பரிமாறி, நாழியையும் கழுவணும். அந்த இடத்துலதான் பாக்கெட் உள்ளே வந்துச்சு. இப்போ அதே அம்மாவைப் பார்த்து "அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலயே செஞ்சாங்க, இப்போ பாக்கெட்டைப் பிரிக்கறாங்க"ன்னு ஃபார்வர்டு அனுப்பறீங்க. அனுப்பறவர் ஒருநாளாவது நாழியைத் தொட்டிருப்பாரா?

5/ மத்திய அரசு 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்க. 6 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யற பெண்கள் 100க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். செய்யற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம். செய்யற ஆணுக்கு 97. நம்ம அடுப்படியில குறையறது மெஷின்னு இன்னும் நினைக்கறீங்களா?

6/ அடுத்தது, "மைதாவுல அலாக்ஸான் இருக்கு, சாப்பிட்டா சுகர் வரும்" ஃபார்வர்டு. அலாக்ஸானை ஆய்வகத்துல எலிக்கு ஊசி போட்டு சுகர் வரவைப்பாங்க, உண்மை. பரோட்டா சாப்பிட்ட மனுஷனுக்கு அலாக்ஸானால சுகர் வந்துச்சுன்னு ஆதாரம் கிடையாது. மைதாவுல நார்ச்சத்து கம்மி, அளவு தெரியாம உள்ளே போகும். குறைக்க இந்தக் காரணமே போதும். பொய் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

7/ பாக்கெட்டுல நிஜமா பார்க்க வேண்டியது என்ன? காய்ந்த வெறும் பாஸ்தா பொரிச்சது இல்ல, அதைத் திட்டக் காரணமும் இல்ல. 2 நிமிஷ நூடுல்ஸ்ல பெரும்பாலானது எண்ணெயில பொரிச்சு உலர்த்தினது. மசாலாவுல உப்பு. லேபிள்ல சோடியத்தைப் பார்த்து 2.5ஆல பெருக்குங்க. 800 மில்லிகிராம்னா 2 கிராம் உப்பு. பெரியவங்களுக்கே ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள்ளதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல ஒரு பெரிய பங்கை நம்ம குழந்தை சாயங்கால டிபன்லயே முடிக்குது.

8/ சரி, செய்முறை. 4 பேருக்கு கோதுமை மாவு 200 கிராம், பொடி ரவை 100 கிராம், தண்ணி 150 மில்லி. முட்டை சாப்பிடறவங்க தண்ணிக்குப் பதிலா 3 முட்டை. பூரி மாவை விடக் கெட்டியா 10 நிமிஷம் பிசைங்க. ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்க. இதை மட்டும் தவிர்க்காதீங்க. மாவுல இருக்கற குளூட்டன் தளர்ந்தாதான் தேய்ச்சது திரும்பச் சுருங்காது. "மெஷின் இல்லாம வரலை"ன்னு சொல்றவங்க நிறைய பேர் கோட்டை விடறது இங்கேதான்.

9/ நாலு உருண்டையாக்கி, சப்பாத்திப் பலகையில முடிஞ்ச வரை மெல்லிசா தேயுங்க. மேலே அரிசி மாவு தூவி, வேட்டி மடிக்கற மாதிரி மடிச்சு, கத்தியால ரிப்பனா வெட்டி, உதறி விடுங்க. நல்லாக் கொதிக்கற தண்ணியில 3, 4 நிமிஷம். ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்த்து இறக்குங்க. தக்காளி, பூண்டு, மிளகு போதும். தேங்காய், கடுகு தாளிச்சு சேவை மாதிரியும் கிளறலாம்.

10/ டாக்டரா ரெண்டு எச்சரிக்கை. பச்சை மாவைக் குழந்தைங்க வாயில போட விடாதீங்க, வேகாத மாவுலயும் கிருமி இருக்கலாம். திருச்சி வெயில்ல முட்டை மாவை வெளியே வெச்சு மறந்துடாதீங்க. அரை மணிக்கு மேல வைக்கணும்னா ஃபிரிட்ஜ்தான்.

11/ "வீட்டுல செஞ்சா சுகர் ஏறாதா டாக்டர்?" ஏறும். பாஸ்தாவோ அரிசிச் சேவையோ, எல்லாம் மாவுச்சத்துதான். தட்டுல பாதி காய்கறி, கால்வாசி பருப்போ சுண்டலோ முட்டையோ, மிச்ச கால்வாசிதான் இது. 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். அளவு முக்கியம் மக்களே.

12/ கடைசியா ஆண்களுக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மாவு பிசையறது, தேய்க்கறது, வெட்டறது உங்க பொறுப்பு. பலகை கழுவறதும் சேர்த்துத்தான். வீட்டம்மா உட்கார்ந்து சாப்பிடட்டும். முதல் தடவை கோணலா வரும், பரவாயில்ல. உங்க முதல் சப்பாத்தி இலங்கை மேப் மாதிரி வந்தப்போ யாரும் சாப்பிடாம இல்லையே.