வைக்கிங்கும் வால்டாக்ஸ் ரோடும்

போன மாசம் யானைக்கவுனியில, எங்க வீட்டு மொட்டை மாடியில வைக்கிங் படை வந்து இறங்கிச்சு. ஒவ்வொரு வீரனும் ஒரு இஞ்ச் சொச்சம் உயரம். நண்பனோட அண்ணன் வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் பொம்மைங்க. வைக்கிங் ஒரு பக்கம், ஆங்கிலோ-சாக்சன் ஒரு பக்கம். அக்காவோட நெயில் பாலிஷ்ல கேடயத்துக்கு கலர் அடிச்சு (திட்டு தனிக்கதை), ஸ்கேல் வெச்சு தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி சண்டை. பெரியவங்க பொம்மைச் சண்டை போடுறதுல வெட்கமே இல்லைங்க. எச்.ஜி.வெல்ஸே 1913ல இதுக்கு விதி எழுதி புத்தகம் போட்டிருக்கார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் வைக்கிங். கிராமத்துக்குள்ள நுழைஞ்சா ஒரு கொள்ளைப் புள்ளி. மூணு முறை நுழைஞ்சேன், மூணு புள்ளி, ஜெயிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி படுத்தா காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? இரட்டைப் பதிவு முறையில ஒரு வரவு இருந்தா எங்கேயோ ஒரு பற்று இருக்கணும். எனக்கு மூணு புள்ளி வந்துச்சே, யார் கணக்குலேர்ந்து போச்சு? எதிராளிக்கு ஒண்ணும் குறையல. அந்த கிராமம் வெறும் அட்டைப்பெட்டி.

நிஜத்துல கணக்கு இருந்துச்சு. 991ல மால்டன் சண்டையில தோத்த பிறகு இங்கிலாந்து வைக்கிங்குக்கு 10,000 பவுண்டு கொடுத்து அனுப்பிச்சுன்னு ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் சொல்லுது. 994ல 16,000. 1018ல 72,000, அதுக்கு மேல லண்டன் தனியா 10,500. அதுக்குள்ள டென்மார்க்கோட கனூட்டே அங்க ராஜா ஆயிட்டான்! பிற்பாடு இந்த வரிக்கு டேன்கெல்டுன்னு பேர் வந்துச்சு. கட்டினது ராஜா இல்ல, ஏர் ஓட்டினவன்.

ரொம்ப தூரத்துக் கதைன்னு நினைக்காதீங்க. நம்ம ஏரியாவையே இப்படி ஒரு பொம்மைச் சண்டையா வெச்சுக்குங்க. 1758 டிசம்பர்ல லாலியோட பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகை போட்டுச்சு. 1759 பிப்ரவரியில இங்கிலீஷ் கப்பல் வந்ததும் கிளம்பிடுச்சு. மேஜை மேல ரெண்டே கட்சி. ஆனா பிரெஞ்சுக்காரன் உட்கார்ந்திருந்தது கோட்டைக்கு வெளிய இருந்த கறுப்பர் நகரத்துல. கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரமோ அதுக்கு முன்னாடியே இடிபட்டுப் போச்சு, பீரங்கிக்கு வெட்டவெளி வேணுமாம். இன்னைக்கு ஹைகோர்ட் இருக்கிற இடம் அது. அங்க குடியிருந்தவங்களுக்கு எந்தக் கட்சி ஜெயிச்சு என்ன?

அப்புறம் ஹைதர் அலி பயம் வேற. 1770 வாக்கில புது ஊரைச் சுத்தி மதில் எழுப்பினாங்க. அதுல ஒரு வாசல்தான் நம்ம யானைக்கவுனி. செலவை ஜனங்ககிட்ட வரியா வாங்க கம்பெனி திட்டம் போட்டுச்சு, எதிர்ப்பு வந்துச்சு, கடைசி வரைக்கும் வசூல் ஆகல. ரோட்டுக்கு மட்டும் வால்டாக்ஸ்னு பேர் நின்னுடுச்சு. தினமும் அந்தப் பேரைச் சொல்லி ஷேர் ஆட்டோ ஏறுறோம், அது நம்ம பக்கம் விழுந்த ஒரு வெற்றிப் புள்ளின்னு தோணியிருக்கா?

அதனால என் கருத்து இதுதான். போர் விளையாட்டு ஆடலாம், தப்பில்ல. ஆனா கிராமத்துக்கும் ஒரு ஆள் உட்காரணும். அடுத்த வாரம் அப்படியே செஞ்சோம். மூணாவது நண்பனுக்கு இருபது சட்டைப் பட்டன், அதுதான் ஊரோட சொத்து. வைக்கிங் பிடுங்குவான், சாக்சன் வரி கேட்பான். அரை மணி நேரத்துல அவன் கடுப்பாயிட்டான். "இன்னாடா இது, ரெண்டு பேரும் எங்கிட்டயே வாங்குறீங்க, நான் எப்படா ஜெயிக்கிறது?"

எங்ககிட்ட பதில் இல்ல. எங்க ஆயாகிட்ட இருந்துச்சு. ஆடு புலி ஆட்டம்! மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, ஆனா புலியை நகர விடாம அடைச்சா ஆடு ஜெயிக்கும். இரைக்கும் ஜெயிக்க ஒரு வழி வெச்சவங்க நம்மாளுங்க.

உடனே புது விதி: கடைசிச் சுற்றுல பத்து பட்டன் மிச்சம் இருந்தா ஊர் ஜெயிச்சது. ஒளிக்கலாம், ஒருத்தனை இன்னொருத்தன் மேல ஏவி விடலாம், தர மாட்டேன்னும் சொல்லலாம். பதினோரு பட்டனோட அவன் ஜெயிச்சான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து "இது போங்கு"ன்னு கத்தினோம். யோசிச்சுப் பார்த்தா, வால்டாக்ஸ் வசூலாகாதப்போ கம்பெனிக்காரனும் இதையேதான் கத்தியிருப்பான் :-)

கொசுறு: 1620ல தரங்கம்பாடியில கோட்டை கட்டின டென்மார்க்காரங்க, 1845ல அதை செராம்பூரோட சேர்த்து இங்கிலீஷ்காரனுக்கு வித்தாங்க. விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். எண்ணூறு வருஷம் கழிச்சு மறுபடியும் டேன்கெல்டு! இந்த முறையும் அது யார் கட்டின வரிப் பணம்னு கொஞ்சம் யோசிங்க மக்களே.